கோட்டுக்குச் சற்று மேலே: ஜப்பானின் பராமரிப்புக் காப்பீடும் முதுமையின் வறுமையும்

2021 ஆகஸ்ட் மாதம் ஜப்பானின் பொதுப் பராமரிப்பு இல்லங்களில் ஒரு பிரிவு முதியவர்களின் சாப்பாட்டுக் கட்டணம் நாளொன்றுக்கு 650 யென்னிலிருந்து 1,360 யென்னாக உயர்ந்தது. மாதத்துக்கு 21,000 யென்னுக்கு மேல் கூடுதல் சுமை. (இன்று ஒரு யென் நம் அரை ரூபாய்க்குச் சற்று மேல்.) வசதியுள்ளவர்கள் முன்பிருந்தே முழுக் கட்டணம் செலுத்திவந்தார்கள். மிக ஏழைகளுக்கான 300, 390 யென் கட்டணங்களில் கை வைக்கப்படவில்லை. உயர்வு பிடித்தது இடையில் இருந்தவர்களை. அவர்கள் வீட்டில் எவருக்கும் குடியிருப்பு வரி கட்டும் அளவுக்கு வருமானம் கிடையாது. ஆனால் முதியவரின் ஆண்டு வருமானம், பெரும்பாலும் ஓய்வூதியம், 12 லட்சம் யென்னைத் தாண்டுகிறது.

அதே 2021ஆம் ஆண்டு வருமானங்களைக் கொண்டு ஜப்பான் அரசு கணக்கிட்ட வறுமைக் கோடு, தனியாள் ஒருவருக்கு 12.7 லட்சம் யென். அதுவும் வரியும் சந்தாக்களும் போகக் கையில் நிற்கும் தொகை. ஆக, ஆண்டுக்குப் பன்னிரண்டரை லட்சம் யென் ஓய்வூதியம் பெறும் ஒரு மூதாட்டி, புள்ளிவிவரத் துறையின் ஏட்டில் ஏழை. கட்டண அட்டவணையில் கூடுதலாகச் செலுத்த வல்லவர். பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில், உணவு, பராமரிப்புக்கான அவரது பங்கு மூன்றையும் சேர்த்தால் முன்பு மாதம் 55,000 யென் அளவில் வந்தது. ஆகஸ்டுக்குப் பின் அது 76,000ஐத் தாண்டியது. மீதியில்தான் மருந்து, துணிமணி, மருத்துவக் காப்பீட்டுச் சந்தா, வீட்டில் தனியே இருக்கும் கணவரின் செலவு எல்லாம்.

முதுமையில் உடல் முடங்கினால் குடும்பம் ஏழையாகிவிடக் கூடாது, ஏழையாக இருப்பதால் பராமரிப்பு கிடைக்காமல் போகவும் கூடாது. பொதுப் பராமரிப்புக் காப்பீடு தரும் வாக்கு இந்த இரண்டும் சேர்ந்தது. ஜப்பானின் கால் நூற்றாண்டு அனுபவத்தை வாசிக்கும்போது எனக்கு உறுதிப்படுவது இது: முதல் வாக்கை அத்திட்டம் பெருமளவு காப்பாற்றியிருக்கிறது, இரண்டாவதில் அது தடுக்கி விழும் இடம் வறுமையின் அடித்தளத்தில் இல்லை, கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கே நிற்பவர்களை உதவித்திட்டமும் ஏற்பதில்லை, காப்பீடும் முழுமையாகத் தாங்குவதில்லை.

ஜப்பானியர்கள் கைகோ ஹோகென் என்று அழைக்கும் இந்தக் காப்பீட்டுக்கான சட்டம் 1997 டிசம்பரில் நிறைவேறியது. 2000 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் முதியோர் பராமரிப்புக்கு அரசு ஏற்பாடு இருந்தது. 1963ஆம் ஆண்டின் முதியோர் நலச் சட்டத்தின் கீழ் நகராட்சி அதிகாரி வீட்டு நிலைமையை விசாரிப்பார், யாருக்கு இல்லத்தில் இடம், யாருக்கு வீட்டுக்கு உதவியாளர் என்று அவரே முடிவுசெய்வார். சோச்சி என்று பெயர் கொண்ட இந்த முறையில் விண்ணப்பிப்பதே கைநீட்டுவதைப் போன்ற கூச்சத்தைத் தந்தது. மகனும் மருமகளும் இருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் போய்க் கேட்டால் ஊர் பேசும். அதனால் பலர் கேட்கவில்லை. கேட்க முடியாதவர்களில் பெருந்தொகையினர் மருத்துவமனைகளில் போய்ச் சேர்ந்தார்கள். 1973இல் முதியோருக்கு மருத்துவம் இலவசமாக்கப்பட்டதும், நோய் இல்லாமலே மாதக்கணக்கில் கட்டிலில் கிடக்கும் ‘சமூகச் சேர்க்கை’ நாடு முழுதும் பரவியது. மற்றவர்களின் சுமை மருமகள்களின் தோளில் இறங்கியது. மறதி நோயில் விழுந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளைப் பற்றி அரியோஷி சவாகோ 1972இல் எழுதிய நாவல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றதற்கு அதன் இலக்கிய நயம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

காப்பீடு இந்தக் கூச்சத்தை உடைத்தது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். எனவே உதவி கேட்பது உரிமை. 74 கேள்விகள் கொண்ட ஆய்வில் உடல், மனநிலை மதிப்பிடப்பட்டு ஏழு படிநிலைகளில் ஒன்று தரப்படுகிறது. வருமானம் என்ன, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது தகுதியைத் தீர்மானிப்பதில்லை. பயனாளியின் பங்கு போக மீதிச் செலவில் பாதி வரிப்பணம், பாதி சந்தா. திட்டம் தொடங்கியபோது தகுதிச் சான்று பெற்றிருந்தவர்கள் 22 லட்சத்துக்கும் குறைவு. இன்று ஏறத்தாழ 70 லட்சம். லான்செட் மருத்துவ இதழ் 2011இல் ஜப்பானுக்கென வெளியிட்ட தொடரில், தமியா நானாகோவும் உடன் ஆய்வாளர்களும் திட்டத்துக்கு முந்தைய, பிந்தைய தேசிய ஆய்வுத் தரவுகளை ஒப்பிட்டார்கள். வெளியார் பராமரிப்பைப் பயன்படுத்துவது கூடியிருந்தது, குடும்பங்களின் செலவு குறைந்திருந்தது. பராமரிக்கும் உறவினர்களின் நலனில் மட்டும் பலன் கலவையாக இருந்தது. இந்தச் சாதனையைச் சிறிதாக்கும் எண்ணம் எனக்கில்லை. குறைகளைப் பேசத் தொடங்கும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நலத்திட்டத்திலிருந்து காப்பீட்டுக்கு மாறியபோது விலை வைக்கும் முறையும் மாறியது. சோச்சி முறையில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். ஏழைக்கு வீட்டு உதவியாளர் இலவசமாகவே வந்தார். காப்பீட்டிலோ எவ்வளவு சேவையோ அதில் பத்தில் ஒரு பங்கை எல்லோரும் செலுத்த வேண்டும். முன்பு எதுவும் செலுத்தாதவர்கள் திகைத்துப் போனதால், ஏற்கெனவே வீட்டு உதவி பெற்றுவந்த குறைந்த வருமானத்தினருக்கு மட்டும் தற்காலிகமாக 3 விழுக்காடு என்று சலுகை தரப்பட்டது. சில ஆண்டுகளில் அதுவும் படிப்படியாக 10 விழுக்காட்டில் வந்து நின்றது. கூச்சம் போனது, விலைச்சீட்டு வந்தது.

பத்தில் ஒரு பங்கு என்பது கேட்பதற்குச் சிறிது. படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவருக்கு வீட்டிலிருந்தபடியே பெறும் சேவைக்கான மாத உச்சவரம்பு ஏறத்தாழ 3,62,000 யென். அதில் பத்தில் ஒன்று 36,000. குறைந்த வருமானத்தினருக்கு மாதப் பங்கு 15,000 யென் அல்லது 24,600 யென்னைத் தாண்டாதபடி மேல்வரம்பு இருக்கிறது. வீட்டில் வந்து செய்யும் உதவி, பகல்நேர மையம், செவிலியர் வருகை எல்லாம் இந்த வரம்புக்குள் அடக்கம். பகல்நேர மையத்தின் மதிய உணவு, குறுகிய காலத் தங்கலின் அறை வாடகை, இல்லத்தில் வாழ்பவரின் சாப்பாடு ஆகியவை அடக்கமில்லை. 2005 அக்டோபரில் ‘வீட்டில் இருப்பவர்கள் தம் சாப்பாட்டுக்குத் தாமே செலவழிக்கிறார்கள், இல்லத்தில் இருப்பவர்களும் செலவழிக்கட்டும்’ என்ற வாதத்தோடு உணவும் தங்குமிடமும் காப்பீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டன. ஏழைகளுக்கு அவற்றில் சலுகை வைத்தார்கள். 2015இல் அந்தச் சலுகைக்குச் சேமிப்புச் சோதனை வந்தது. 2021இல் அந்தச் சோதனை இறுகியது. தனியாள் ஒருவர் ஒரு கோடி யென் வரை சேமிப்பு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த வரம்பு, நான் முதலில் சொன்ன அந்தப் பிரிவினருக்கு 50 லட்சமாகக் குறைந்தது. உணவுக் கட்டண உயர்வும் அதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது.

சந்தாவின் கதை இதைவிடக் கனமானது. 65 வயதைத் தாண்டியவர்கள் கட்டும் சந்தாவை அந்தந்த நகராட்சியே மூன்றாண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. 2000இல் நாட்டின் சராசரி மாதம் 2,911 யென். 2024 முதல் 6,225 யென். ஏழை முதியவர்கள் நிறைந்த ஒசாகா நகரில் 9,249 யென்; அதுதான் நாட்டிலேயே மிக அதிகம். தோக்கியோவுக்குத் தெற்கே நடுக்கடலில் கிடக்கும் ஒகசாவரா கிராமத்தில் 3,374. தனியே வாழும் முதியவர்கள் மிகுந்த நகரத்தில் சேவை அதிகம் தேவைப்படுகிறது, செலவு ஏறுகிறது, அந்தச் செலவு அதே முதியவர்களின் சந்தாவில் வந்து விழுகிறது.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பார்க்கலாம். சந்தா பிடிக்கப்படுவது ஓய்வூதியத்திலிருந்து. நாற்பது ஆண்டுகள் விடாமல் தேசிய ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டிய ஒருவருக்கு 2000இல் மாதம் 67,017 யென் கிடைத்தது. 2024இல் 68,000 யென். இருபத்துநான்கு ஆண்டுகளில் ஓய்வூதியம் ஆயிரம் யென்கூட உயரவில்லை; அதிலிருந்து கழியும் பராமரிப்புச் சந்தா இருமடங்குக்கும் மேலாகிவிட்டது. அந்த முழு ஓய்வூதியத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 8.16 லட்சம் யென், வறுமைக் கோட்டின் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்கு இதற்கு மேல் ஊழியர் ஓய்வூதியம் உண்டு. சிறுகடை வைத்திருந்தவருக்கு, வயலில் உழைத்தவருக்கு, பகுதிநேர வேலையிலேயே ஆயுளைக் கழித்த பெண்ணுக்கு இதுதான் எல்லாம். பலருக்கு இந்த முழுத்தொகையும் கிடைப்பதில்லை. ஜப்பானில் தனியே வாழும் 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் வறுமையில் இருக்கிறார்கள் என்பது வறுமை ஆய்வாளர் அபே அயாவின் கணக்கு. இந்தப் பெண்களில் பலர் மாமனாரையும் மாமியாரையும் கணவரையும் பார்த்துக்கொண்டதால்தான் முழுநேர வேலைக்குப் போகவில்லை. கூலியின்றிப் பராமரித்த ஆண்டுகள், அவர்கள் தமக்கே பராமரிப்பு தேவைப்படும் வயதில் குறைந்த ஓய்வூதியமாகத் திரும்பி வருகின்றன.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. சந்தாவுக்கான வருமானப் படிகள் தொடக்கத்தில் ஐந்தாக இருந்தன, 2024இல் பதின்மூன்றாகப் பிரிக்கப்பட்டன. விற்பனை வரியை உயர்த்தி வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, மிகக் கீழ்ப்படியினரின் சந்தா அடிப்படைத் தொகையில் பாதியாக இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கப்பட்டது. இது உண்மையான நிவாரணம். ஆனாலும் கட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்பதைத் திட்டத்தின் அமைப்பே காட்டிக்கொடுக்கிறது. ஆண்டுக்கு 1,80,000 யென்னுக்கு மேல் ஓய்வூதியம் பெறுபவரிடம் சந்தா தானாகவே பிடிக்கப்பட்டுவிடும். அவர் நினைத்தாலும் பாக்கி வைக்க முடியாது. அதற்கும் கீழே, மாதம் 15,000 யென்னுக்கும் குறைவாகப் பெறுபவருக்கும் ஓய்வூதியமே இல்லாதவருக்கும்தான் ரசீது வீட்டுக்கு வருகிறது, அவரேதான் கட்ட வேண்டும். ஓய்வூதியத்தைத் தள்ளிப்போட்ட வசதியானவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு என்றாலும், பாக்கி விழுவது இயல்பாகவே மிகவும் இல்லாதவர்களிடம். 2010களின் இறுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பேரின் சேமிப்புக் கணக்கோ சொத்தோ சந்தா பாக்கிக்காக முடக்கப்பட்டது.

தண்டனை அதோடு முடிவதில்லை. ஓராண்டு பாக்கி என்றால் சேவைக்கான முழுப்பணத்தையும் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டும். இரண்டாண்டைக் கடந்த பாக்கி காலாவதியாகிவிடுகிறது. அது நல்ல செய்தி போலத் தோன்றும். ஆனால் காலாவதியானதைப் பின்னால் கட்டித் தீர்க்கவும் முடியாது என்பதால், பராமரிப்பு தேவைப்படும் நாளில் அவரது பங்கு பத்தில் ஒன்றுக்குப் பதிலாகப் பத்தில் மூன்று ஆகிவிடும். மாத மேல்வரம்பும் பொருந்தாது. சந்தா கட்டப் பணமில்லாத ஒருவரிடம் மூன்று மடங்கு கேட்கும் விதி இது. காப்பீட்டின் தர்க்கப்படி இதில் பிழை காண முடியாது, ஏனெனில் கட்டாதவருக்கும் கட்டியவருக்கும் ஒரே பலன் என்றால் யாரும் கட்ட மாட்டார்கள். பராமரிப்பின் தர்க்கப்படி இதை ஏற்கவே முடியாது.

வறுமையின் அடித்தளத்தில் நிலைமை வேறு. செய்காட்சு ஹோகோ எனப்படும் வாழ்வாதார உதவியைப் பெறுபவருக்குச் சந்தாவுக்கான தொகை உதவியோடு சேர்த்தே தரப்படுகிறது. அவர் செலுத்த வேண்டிய பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதற்காகவே 2000இல் ‘பராமரிப்பு உதவி’ என்ற புதுப்பிரிவு வாழ்வாதாரச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதாவது, உதவிக்குள் வந்துவிட்டவருக்குப் பராமரிப்பு முழுதும் இலவசம். இன்று அந்த உதவியைப் பெறும் குடும்பங்களில் பாதிக்கு மேல் முதியோர் குடும்பங்கள். அவற்றிலும் பெரும்பாலானவை ஒற்றை ஆள் வீடுகள்.

ஆனால் இலவசம் என்பதால் இடம் கிடைத்துவிடுவதில்லை. 2002க்குப் பிறகு புதிதாகக் கட்டப்படும் பொது இல்லங்களில் ஆளுக்கு ஓர் அறை என்பதை அரசு வலியுறுத்தியது. முதியவருக்குத் தனியறை என்பது கண்ணியமான எண்ணம், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தனியறையின் வாடகை அதிகம். ஏழைகளுக்குக் கட்டுப்படியான பலர் தங்கும் அறைகள் அருகின. 2014இல் இல்லங்களுக்கான காத்திருப்புப் பட்டியலில் 5.2 லட்சம் பேர் இருந்தார்கள். மறு ஆண்டே, ‘பராமரிப்புத் தேவை 3’ என்ற படிநிலைக்குக் கீழே உள்ளவர்கள் விதிவிலக்கான சூழ்நிலையில்தான் சேரலாம் என்று விதி மாறியது. பிறகு வந்த கணக்குகளில் பட்டியல் சுருங்கித் தெரிந்தது. தோக்கியோ போன்ற நகரில் வாழ்வாதார உதவி பெறும், உடல் தளர்ந்த, துணையற்ற முதியவரை எங்கே வைப்பது? 2009 மார்ச் 19 இரவு அந்தக் கேள்விக்கு நாடு பார்க்க விரும்பாத பதில் கிடைத்தது. குன்மா மாவட்டத்தின் ஷிபுகாவா நகரில் ‘தமாயூரா’ என்ற, அரசிடம் முறையாகப் பதிவு செய்யப்படாத முதியோர் இல்லம் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்களில் பலர் உள்ளூர்க்காரர்களே அல்ல. தோக்கியோவின் சுமிதா வட்டாரத்தில் வாழ்வாதார உதவி பெற்றுவந்தவர்கள், வட்டார அலுவலகம் காட்டிய வழியில் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அனுப்பிவைக்கப்பட்டவர்கள். சட்டப்படி அவர்களுக்குப் பராமரிப்பு உரிமை இருந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் கட்டில் அவர்கள் ஊரில் இல்லை.

இனி அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர்களிடம் திரும்பலாம். வாழ்வாதார உதவிக்குத் தகுதி இருந்தும் கேட்காதவர்கள் ஜப்பானில் ஏராளம். விண்ணப்பித்தால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் ‘உங்களால் உதவ முடியுமா’ என்று அலுவலகத்திலிருந்து கடிதம் போகும் வழக்கம் இருந்தது. 2021இல் அது ஓரளவு தளர்த்தப்பட்டது, அச்சம் தளரவில்லை. இப்படி ஒதுங்கியிருப்பவர்களும் தகுதிக் கோட்டைச் சில ஆயிரம் யென்னில் தாண்டிவிட்டவர்களும் பத்தில் ஒரு பங்கைத் தம் கையிலிருந்து கொடுக்கிறார்கள். அதனால் சேவையை நறுக்குகிறார்கள். வாரம் மூன்று முறை குளிப்பாட்ட ஆள் வர வேண்டியது ஒருமுறையாகிறது. பகல்நேர மையம் இரண்டு நாளிலிருந்து ஒரு நாளாகிறது. பராமரிப்புத் திட்டம் வகுக்கும் மேலாளர் உடல்நிலையைக் கேட்ட கையோடு, மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்றும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. குறைந்த வருமானத்தினரிடையே பராமரிப்புத் தேவை உள்ளவர்கள் உயர் வருமானத்தினரைவிடப் பல மடங்கு அதிகம் என்று பொதுச் சுகாதார ஆய்வாளர் கொண்டோ கட்சுனோரி 2000களிலேயே காட்டினார். கடின உழைப்பும் மோசமான வீடும் தாமதமான மருத்துவமும் உடலில் படிந்து வருகின்றன. தேவை அதிகமுள்ளவரின் கை நடுங்கும்படி விலை வைப்பதைத்தான் நறுக்கப்பட்ட அந்த வாரக் கால அட்டவணைகள் சொல்கின்றன.

இந்த ஓட்டையை அடைக்க ஜப்பானியச் சட்டத்திலேயே ஓர் அரிய ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ‘எல்லைப் பிரிவினர்’ ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். தன் வருமானப் படிக்குரிய சந்தாவையோ கட்டணத்தையோ செலுத்தினால் வாழ்வாதார உதவிக்குள் விழுந்துவிடுவார், குறைந்த படியில் வைத்தால் விழ மாட்டார் என்ற நிலையில் இருப்பவரை, அவர் விழாத அளவுக்கு எந்தப் படி பொருந்துமோ அந்தப் படிக்கு இறக்கிவைக்கலாம். சந்தா, உணவு, தங்குமிடம், மாத மேல்வரம்பு என எல்லாவற்றிலும் இதைச் செய்ய முடியும். கட்டணமே வறுமையை உண்டாக்கக் கூடாது என்ற நெறியை இவ்வளவு துல்லியமாகச் சட்டமாக்கிய நாடு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் இதைப் பெறும் வழி எது தெரியுமா? முதலில் வாழ்வாதார உதவி அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் வருமானம், சேமிப்பு எல்லாவற்றையும் ஆராய்ந்து, உதவி தேவையில்லை, கட்டணத்தைக் குறைத்தால் போதும் என்று மறுத்து, அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு காப்பீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். எந்த வாசலை மிதிக்கக் கூசி ஒருவர் அரைப் பராமரிப்போடு வாழ்கிறாரோ, அந்த வாசல் வழியாகத்தான் நிவாரணத்துக்குப் போக முடியும். வரி விவரம், ஓய்வூதியம், சந்தா மூன்றும் நகராட்சியின் கணினியில் இருக்கின்றன. சேமிப்பு விவரத்தை மட்டும் கேட்டுப் பெற்று, எல்லையில் இருப்பவரைத் தேடிச் சென்று படியிறக்கும் வேலையை நகராட்சியே செய்ய முடியும். செய்யாமலிருப்பதற்கு நிர்வாகக் காரணத்தைவிட, அப்படித் தேடினால் எத்தனை பேர் வெளிப்படுவார்கள், செலவு எவ்வளவு கூடும் என்ற அச்சமே பெரிய காரணமாக எனக்குத் தெரிகிறது.

ஜெர்மனியோடு ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல என்று புரியும். அங்கே பராமரிப்புக் காப்பீடு பிறந்ததே வறுமையை முன்வைத்து. இருபது ஆண்டு விவாதத்துக்குப் பின், தொழிலாளர் அமைச்சர் நார்பெர்ட் ப்ளூமின் விடாமுயற்சியால் 1994இல் சட்டம் வந்து 1995 ஜனவரியில் தொடங்கியது. ஆயுள் முழுதும் உழைத்தவர்கள் முதியோர் இல்லத்தில் சேர்ந்ததும் சமூக உதவிக்குக் கையேந்த வேண்டியிருக்கிறது, நகராட்சிகளின் கருவூலம் காலியாகிறது என்பதே முதல் வாதம். முதலாளிகள் கட்டும் பங்கை ஈடுகட்ட, சாக்சனி நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் ஒரு மத விடுமுறை நாளையே வேலை நாளாக்கினார்கள். பலன் உடனே தெரிந்தது: சில ஆண்டுகளில், பராமரிப்புக்காகச் சமூக உதவி பெறுவோரின் தொகை பாதியாகச் சரிந்தது. ஆனால் காப்பீடு தருவது நிலையான தொகை. இல்லத்தின் செலவு ஏற ஏற மிச்சமெல்லாம் முதியவர் தலையில். 2025இல் இல்லத்தில் முதலாண்டில் இருப்பவர் தம் கையிலிருந்து கொடுக்கும் தொகை சராசரியாக மாதம் 3,000 யூரோ அளவுக்கு வந்துவிட்டது. அங்கே சராசரி முதியோர் ஓய்வூதியம் இதில் பாதிகூட இல்லை. இல்லவாசிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மறுபடியும் சமூக உதவியில் இருக்கிறார். ஒரு விஷயத்தில் மட்டும் ஜெர்மானியர்கள் ஒரு பெரும் அச்சத்தை நீக்கியிருக்கிறார்கள்: 2020 முதல், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டாத பிள்ளைகளிடம் பெற்றோரின் பராமரிப்புச் செலவை அரசு கேட்பதில்லை. ஜப்பானில் இத்தகைய தெளிவான கோடு இல்லை.

பராமரிப்பவரின் வறுமையிலும் இரு நாடுகளும் வேறு வழிகளில் போயின. வீட்டில் உறவினர் பார்த்துக்கொண்டால் ஜெர்மனி முதியவரின் கையில் பணமாகவே தருகிறது. பயனாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பான் மறுத்தது. 1999இல், திட்டம் தொடங்குவதற்குச் சில மாதங்களே இருக்கையில், ஆளும் கட்சியின் கொள்கைத் தலைவர் கமெய் ஷிசுகா, பெற்றோரைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் அழகிய மரபு இதனால் அழிந்துவிடும் என்று கொடிபிடித்தார். ஹிகுச்சி கெய்கோ 1983இல் தொடங்கிய பெண்கள் அமைப்பு மறுபக்கம் நின்றது. பணம் கொடுத்தால் அது மருமகளைக் கட்டிப்போடும் கயிறாகிவிடும், சேவைதான் வேண்டும் என்பது அவர்களின் வாதம். அவர்கள் வென்றார்கள். அன்றைய குடும்பங்களின் நிலையில் அவர்கள் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் சேவை நறுக்கப்பட்ட வீட்டில் இடைவெளியை இன்றும் ஒரு மகளோ மகனோ நிரப்புகிறார். ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேர் அளவில் பராமரிப்புக்காக வேலையை விடுகிறார்கள். ஐம்பது வயதில் வேலையை விட்டவர் பெற்றோர் போன பின் அதே தரத்தில் வேலைக்குத் திரும்புவது அரிது. அடுத்த தலைமுறையின் ஏழை முதியவர் அங்கே உருவாகிறார். வரி கட்டும் வருமானம் இல்லாத குடும்பம் ஓராண்டு முழுதும் எந்தக் காப்பீட்டுச் சேவையையும் பயன்படுத்தாமல், மிகக் கடுமையான நிலையிலுள்ள முதியவரை வீட்டிலேயே பார்த்துக்கொண்டால், பல நகராட்சிகள் ஒரு லட்சம் யென் ஆறுதல் தொகை தருகின்றன. அந்தத் தொகையின் பெயரில் பாராட்டு இருக்கிறது. அந்தக் குடும்பம் ஏன் ஓராண்டு முழுதும் சேவையைத் தொடவில்லை என்று கேட்கும் பொறுப்பு அதில் இல்லை.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி கடினமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2000இல் 3.6 லட்சம் கோடி யென்னாக இருந்த மொத்தச் செலவு இப்போது 11 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. மொத்தத்தில் 65 வயதைக் கடந்தவர்களின் சந்தாப் பங்கு 17 விழுக்காட்டிலிருந்து 23 ஆகியிருக்கிறது. மக்கள்தொகை விகிதத்தோடு அதுவும் நகரும்படி விதி. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் சந்தாவுக்குள் கொண்டுவரலாமா, வரிப் பங்கைப் பாதிக்கு மேல் உயர்த்தலாமா என்ற யோசனைகள் பல ஆண்டுகளாக வந்து போகின்றன. இரண்டில் வரிதான் சரியான வழி என்பது என் கருத்து. சந்தா எவ்வளவு படிகளாகப் பிரிக்கப்பட்டாலும் ஓய்வூதியத்தைத் தின்னும். வரி சொத்தையும் உயர் வருமானத்தையும் எட்ட முடியும்.

அரசு இப்போதைக்குக் கண் வைத்திருப்பது பயனாளியின் பங்கின் மேல். 2015இல் வசதியானவர்களுக்குப் பத்தில் இரண்டு, 2018இல் அவர்களிலும் மேல்நிலையினருக்குப் பத்தில் மூன்று என்று வந்தது. தனியாளாக ஆண்டுக்கு 28 லட்சம் யென்னுக்கு மேல் வருமானம் உள்ளவர் இரண்டு பங்கு செலுத்துகிறார். அந்த எல்லையைக் கீழே இறக்கி, மேலும் பலரை இரண்டு பங்குக்குள் கொண்டுவரும் யோசனையை அரசு பலமுறை எடுத்துத் தள்ளிவைத்தது; 2023 டிசம்பரிலும் 2027இல் தொடங்கும் திட்டக்காலத்துக்கு முன் முடிவு என்று ஒத்திப்போட்டது. விவாதம் முழுக்க 28 லட்சத்தின் அருகில் நிற்பவர்களால் தாங்க முடியுமா என்பதைச் சுற்றியே நடக்கிறது. 12 லட்சத்தின் அருகில் நிற்பவர்களுக்கு 2021இல் கூட்டிய சாப்பாட்டுக் கட்டணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது அந்த நிகழ்ச்சி நிரலில் இல்லை. அதைச் செய்ய ஆகும் செலவு 11 லட்சம் கோடி யென் கணக்கில் ஒரு சிறு வரிதான்.